அயோவா கண்காட்சிப் படங்கள் இருந்தா அனுப்புங்க

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல, அயோவா மாநிலத் தலைநகர் டி மாயின்ல இருந்த வருஷங்கள்ல ஆகஸ்ட் மாசம் அயோவா மாநிலக் கண்காட்சிக்குப் போவோமே, அந்தப் படங்கள் யார்கிட்ட இருந்தாலும் இங்கே போடுங்க. பழைய பிரிண்ட்டா இருந்தா போன்ல எடுத்து அனுப்பினா போதும், பின்பக்கம் எழுதின தேதியோட.

முக்கியமா வேண்டியது, பாட்டி வெண்ணெய்ப் பசு முன்னாடி நிக்கிற படம். 1911லேர்ந்து அங்கே நிஜப் பசு அளவுக்கு வெண்ணெயில பசு செய்யறாங்க. உள்ளே நிக்கிற மர, கம்பிச் சட்டத்து மேல பூசுற வெண்ணெயே சுமார் 600 பவுண்டு, அதாவது 270 கிலோ! குளிரூட்டின கண்ணாடி அறையை விட்டுப் பாட்டி நகரவே இல்லை. மடியையும் நரம்பையும் பார்த்துட்டு, "பால் கறந்து பழகின கைடா இது"ன்னாங்க. 1960லேர்ந்து 2005 வரை அதைச் செஞ்ச நோர்மா லயன் பால்பண்ணைக் குடும்பத்துக்காரர்னு அப்புறம்தான் படிச்சேன். பாட்டிகிட்ட சொல்ல முடியாமப் போச்சு.

அத்தை, ஜூலையில கவுண்டி (மாவட்டம் மாதிரி) கண்காட்சிக்காகத் தம்பி செம்மறிக்குட்டியைக் குளிப்பாட்டுவானே, அந்த வீடியோவும் வேணும். சித்தப்பா, சாக்குல உட்கார்ந்து பெரிய சறுக்குல நீங்க இறங்கின படம்?

ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அனுப்புங்க. அம்மா பிறந்தநாளுக்கு ஆல்பம் அச்சுக்குப் போகணும்.