ரிமாண்டுக்குக் கையெழுத்துப் போடும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நீ போன வாரம் போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் அம்மா இருந்தாள். நீ கோர்ட் விஷயம் பேசினாலே அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும். அதனால்தான் கடிதம்.

"சட்டப்படி பார்த்தா ரிமாண்ட் கொடுக்கலாம்ப்பா, ஆனா மனசு ஒப்பல. மாஜிஸ்திரேட்டுக்குத் தனியா ஒரு மனசாட்சி இருக்கலாமா?" என்று கேட்டாய். போலீஸ் பிடித்துவந்த ஆளைக் காவலுக்கு அனுப்பும் கையெழுத்து உன்னுடையது. நான் தீர்ப்பு எழுதியவன் இல்லை. பெஞ்ச் கிளார்க்காகக் கீழே உட்கார்ந்து, எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அங்கிருந்து தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

மனசாட்சிப்படி நடக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லும் அதிகாரிகளைக் கண்டால் எனக்குப் பயம். ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பார். பிடித்த முகத்துக்கு ஜாமீன், பிடிக்காத முகம் உள்ளே. காசு வாங்கமாட்டார், நல்ல மனுஷன். ஆனால் அவர் கோர்ட்டுக்கு வருகிற கட்சிக்காரனுக்கும் வக்கீலுக்கும் இன்றைக்கு என்ன நடக்கும் என்றே தெரியாது. சாமி மலையேறுமா இறங்குமா என்று காத்திருக்கிற மாதிரி நிற்பார்கள். அது நீதி இல்லை.

சரி, அப்படியானால் மனசாட்சியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடலாமா? அதற்குத்தான் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கை நீ இன்னொரு முறை எடுத்துப் பார்க்கவேண்டும். பரீட்சைக்குப் படித்தபோது 1976 ஏப்ரல் 28, நாலு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுப்பு என்று மனப்பாடம் செய்திருப்பாய். நான் சொல்ல வருவது வாதம் நடந்தபோது எழுந்த ஒரு கேள்வியை.

எமர்ஜென்சி காலம். விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் மிசா சட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே. கோர்ட்டுக்குப் போகும் உரிமையை ஜனாதிபதி உத்தரவு நிறுத்தி வைத்திருந்தது. அடைத்த ஆளைக் கோர்ட்டில் காட்டச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்று பல உயர்நீதிமன்றங்கள் சொல்ல, அரசு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் கேட்டார்: அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் சுதந்திரத்தோடு உயிரும் இருக்கிறதே, சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவனைக் கொன்றுபோட்டால் அதற்கும் கோர்ட்டில் வழியில்லையா? எமர்ஜென்சி இருக்கும்வரை இல்லை என்றுதான் பதில் வந்தது. அது என் மனசாட்சியை உலுக்குகிறது, உங்களுடையதையும் உலுக்கலாம், ஆனாலும் என் வாதப்படி அதுதான் நிலை என்றும் சேர்த்துச் சொன்னார் டே.

பார், அவருக்கும் மனசாட்சி இருந்தது. குலுங்கவும் செய்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்? உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட அதனால் வெளியே வரவில்லை.

எமர்ஜென்சியில் அந்த மனுவைப் போடவே முடியாது என்று நாலு நீதிபதிகள் எழுதினார்கள். மறுத்த ஒருவரான கன்னா என்ன செய்தார்? என் மனசு கேட்கவில்லை, அதனால் மறுக்கிறேன் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தத் தீர்ப்பை இன்றைக்கு யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை 21-வது பிரிவு கொடுத்ததால் மட்டும் வந்ததில்லை; அந்தப் பிரிவே இல்லாவிட்டாலும் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவனைப் பிடித்து அடைக்க அரசுக்கு உரிமை கிடையாது, சட்டத்தின் ஆட்சி என்றால் அதுதான் என்று எழுதினார். முழுக்க முழுக்கச் சட்டம் அம்மா அது. மனசு எங்கே இருந்தது என்றால், அந்தக் கேள்வியைக் கேட்டதில் இருந்தது. பதிலைக் கேட்ட பிறகு அதைக் கேட்காதது மாதிரி இருக்க மறுத்ததில் இருந்தது. இந்தத் தீர்ப்புக்காகத் தலைமை நீதிபதி பதவி போய்விடும் என்று முன்பே தன் சகோதரியிடம் சொல்லியிருக்கிறார். அப்படியே ஆயிற்று. 1977 ஜனவரியில் அந்த நால்வரில் ஒருவரான, அவருக்குக் கீழே இருந்த எம்.எச். பெக் தலைமை நீதிபதியானார், கன்னா ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

அவர் கேட்டது வெறும் கற்பனைக் கேள்வியும் இல்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் கேரள போலீஸ் பிடித்துப் போயிருந்தது. கக்கயம் முகாமில் அந்தப் பையன் செத்துப்போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்பா ஈச்சர வாரியர் அலையாத இடமில்லை. கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட அவர் 1977 வரை, எமர்ஜென்சி முடியும்வரை, காத்திருக்கவேண்டி வந்தது. பெற்ற பிள்ளையைக் காட்டுங்கள் என்று கேட்கக் கோர்ட் வாசல் மூடியிருந்த காலம். அப்புறம்தான் 1978-ல் அரசியல் சட்டத்தின் 44-வது திருத்தம் வந்தது. 20, 21 பிரிவுகளை இனி எமர்ஜென்சியிலும் நிறுத்த முடியாது என்று ஆனது. நால்வர் எழுதிய அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2017 ஆகஸ்ட் ஆயிற்று. பழைய நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட்தான் அதை எழுதினார்.

இதெல்லாம் டெல்லிக் கதை, நான் ஒரு மூலையில் ராத்திரி பதினொரு மணிக்கு ரிமாண்ட் பேப்பர் பார்க்கிறவள் என்று நீ நினைப்பாய். நம்ம பக்கத்தில் நடந்ததையே எடுத்துக்கொள். 2020 ஜூன், சாத்தான்குளம். ஸ்டேஷனில் அடிவாங்கிய அப்பாவும் மகனும் ரிமாண்டாகி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேரும் செத்தார்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோது நீதித்துறை தொட்ட காகிதம் அந்த ரிமாண்ட் ஒன்றுதான். அதற்குப் பிறகு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக வழக்கெடுத்ததும், விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனிலேயே மரியாதையில்லாமல் பேசியதும், அவர் அதை அப்படியே உயர்நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்பியதும், அதே ஸ்டேஷனின் ஒரு பெண் தலைமைக் காவலர் பயந்து பயந்தாவது சாட்சி சொன்னதும் உனக்கே தெரியும். எழுதினவரும் சாட்சி சொன்னவரும் சட்டத்தை மீறி எதையும் செய்யவில்லை. சட்டம் அவர்களிடம் எதிர்பார்த்த வேலையைச் செய்தார்கள். அதற்கே எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது பார்.

அதனால் உன் மனசு ஒப்பவில்லை என்றால் அதை ஆர்டரில் எழுதாதே, கேள்வியாகக் கேள். ஆளை எதிரே நிறுத்து. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கவும் கூச்சப்படாதே. பெண் கைதி என்றால் பெண் டாக்டரை அழை. வீட்டுக்குச் சொன்னார்களா, வக்கீல் இருக்கிறாரா, எப்போது பிடித்தார்கள் என்று அந்த ஆளிடமே கேள், பக்கத்தில் நிற்கும் எஸ்.ஐ.யிடம் கேட்காதே. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள வழக்கென்றால் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் காட்டவேண்டும், நீயும் உன் காரணத்தை எழுதவேண்டும் என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டார்கள். காரணம் இல்லாவிட்டால் ரிமாண்டை மறுத்து அனுப்பு. "மேடம், லேட் ஆச்சு" என்பார்கள். ஆகட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருநாள் உன் எதிரே நிற்பவனைப் பார்த்தாலே உனக்கு உடம்பு கூசும். ஊரே வெளியே திரண்டு கத்தும். அறுபதோ தொண்ணூறோ நாள் கடந்தும் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டிருக்காது, அவன் வக்கீல் ஜாமீன் மனுவோடு நிற்பார். உன் மனசு கொடுக்காதே என்று சொல்லும். சட்டப்படி கொடுத்துத்தான் ஆகவேண்டும். என்னைக் கேட்டால் அன்றைக்குத்தான் உன் மனசாட்சிக்கு நிஜமான பரீட்சை. நாம் பரிதாபப்படுகிறவனுக்கு நியாயம் செய்வது யாருக்கும் முடியும்.

கன்னாவின் தீர்ப்பைப் படிக்கும்போது பெக் எழுதியதையும் விடாமல் படி. காவலில் இருப்பவர்களை அரசு ஏறக்குறைய ஒரு தாய் மாதிரி பராமரிக்கிறது என்று அதில் எழுதியிருப்பார். அவரும் நிம்மதியாகத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல். அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா