அப்பாவுக்கு, கவென்ட்ரியிலிருந்து

கவென்ட்ரி
இங்கிலாந்து
16-11-2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் கண்ணும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் கடைசியாக எழுதியது சித்திரையில் என்று தேதியோடு குத்திக் காட்டியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, கேட்காத பாதியை அம்மா தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிடுகிறாள். இந்த விஷயமும் அப்படித்தான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. தம்பியிடம் நான் வாய்தவறிச் சொன்னேன், அவன் மலரிடம் சொன்னான், அப்புறம் கேட்க வேண்டுமா?

"பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தப் போகிறாயாமே" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அதைப் பார்த்ததும் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல வயிறு கலங்கிவிட்டது. எனக்கு வயது முப்பத்தெட்டு அப்பா.

இன்னும் நிறுத்தவில்லை. வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்று ஒரு யோசனை, அவ்வளவுதான். நிறுத்துவதாக முடிவும் செய்யவில்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாலேகாலுக்கெல்லாம் இருட்டு. பிள்ளைகளைக் கூட்டி வந்து, ஷூவைக் கழற்றி, கைகால் கழுவுவதற்குள் ராத்திரியாகிவிடுகிறது. ஹீட்டரைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் போடுகிறோம், அதிகம் போட்டால் தோல் வறண்டுவிடுகிறது. இவர் இப்போது சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காதே அவருக்கு. எனக்கும் ஆபீசில் வேலை நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள், வாரத்துக்கு இரண்டு நாள்தான். நல்லதாகப் போயிற்று, ஓய்வு கிடைக்கிறது.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டது பக்கத்து வீட்டு அம்மாள். போன தடவை சொன்னேனே, தூறலில் துணி காயப்போடுகிறவள், அவள்தான். "எப்படியும் மழை நின்றுதானே ஆக வேண்டும்" என்பாள். மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. காலை பத்து மணிக்கு இரவு உடுப்போடு தோட்டத்தில் நிற்கிறார்கள். மூத்தவனுக்குப் பதினொரு வயது. ஒன்பது வயது வரை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க மாட்டானாம், இவளும் அவனை விரட்டவில்லையாம். இப்போது கிடைத்ததையெல்லாம் படிக்கிறான். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனபோது வந்து கழற்றிப் பார்த்து, எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தான். ஆனால் அன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள், கடிகாரத்தைத் திரும்ப மாட்டியதும் அவனைத் தட்டியும் கொடுப்பீர்கள்.

இது குற்றமில்லையா, போலீஸ் வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது அப்பா. 1996-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம், 7-ஆவது பிரிவு. பிள்ளையின் வயதுக்கும் திறமைக்கும் ஏற்ற முழுநேரப் படிப்புக் கிடைக்கும்படி செய்வது பெற்றோரின் கடமை, பள்ளிக்கு அனுப்பியோ 'வேறு வழியிலோ' என்கிறது. அந்த 'வேறு வழி'யைப் பிடித்துக்கொண்டுதான் இங்கிலாந்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள். 2024 இலையுதிர்காலத்தில் அரசாங்கம் சொன்ன கணக்கு 1,11,700. ஜெர்மனியில் இருக்கிற பெரியத்தை மகளிடம் கேட்டேன். அங்கே இந்தப் பேச்சையே எடுக்க முடியாதாம், பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டுமாம்.

இங்கே தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, நம் ஊர் நகராட்சி மாதிரி இங்கே இருக்கிற கவுன்சிலுக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். சிறப்புப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குத்தான் சம்மதம் கேட்க வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம். அரசாங்கப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. இத்தனை மணி நேரம் என்று கணக்கில்லை. நீ என்ன படித்திருக்கிறாய் என்று என்னையும் கேட்க மாட்டார்கள். கவுன்சிலிலிருந்து என்ன சொல்லித் தருகிறீர்கள் என்று விசாரிக்கலாம். பதிலில் திருப்தி இல்லையென்றால், பள்ளிக்கு அனுப்பு என்று உத்தரவு போடலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டாயப் பதிவேடு வேண்டும் என்று போன டிசம்பரில்தான் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது இன்னும் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் வருகைப் பதிவேட்டோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இதைப் படித்ததும் ரத்தக் கொதிப்பு ஏறும். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

கையை விட்டுப் போவதும் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம், மனசு மாறினால் அதே பள்ளியில் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை. புத்தகத்திலிருந்து எல்லாச் செலவும் நம்முடையது. பதினாறு வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்இ பரீட்சைக்குத் தனித்தேர்வராக நாமே ஒரு மையம் தேடி, கட்டணமும் கட்ட வேண்டும். செலவைப் பற்றிக் கவலையில்லை, சும்மா எழுதினேன்.

சரி, ஏன் இந்த யோசனை என்பதுதானே உங்கள் கேள்வி.

மாறனுக்குக் காலை ஏழரை மணியானால் வயிறு வலிக்கிறது. சனி, ஞாயிறு வலிப்பதில்லை. டாக்டரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றுமில்லை. பள்ளியில் கேட்டால், "நல்ல பையன், வாயைத் திறக்க மாட்டான், ஒரு தொந்தரவும் இல்லை" என்கிறார்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கும்போது தொந்தரவு இல்லாத பிள்ளை கண்ணில் படாது. உங்களுக்கே அது தெரியும். பின்பெஞ்சில் பேசாமல் இருக்கிற பிள்ளையை முதலில் கவனி என்று புது டீச்சர்களிடம் நீங்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

அப்புறம், இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் ஆசையாக வைத்த பெயர். அந்த ஒலிக்கு இந்த ஊர் பாஷையில் வேறு ஒரு அர்த்தம் இருக்கிறது. என்னவென்று எழுத மாட்டேன், தம்பியிடமும் கேட்காதீர்கள். பிள்ளைகள் அதை வைத்து விளையாடுகிறார்கள். அவன் என்னிடம் சொல்லவே இல்லை. நோட்டின் அட்டையில் தன் பெயருக்கு மேல் காகிதம் ஒட்டி 'மேக்ஸ்' என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். காகிதத்தை உரித்தால் அட்டையும் சேர்ந்து வந்துவிடும் அளவுக்குப் பசை. போய்ப் பேசினேன். வருத்தப்பட்டார்கள், அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மோசமான மனுஷர்கள் இல்லை. ஆனாலும் வயிற்றுவலி நிற்கவில்லை.

குட்டிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவளுக்குப் பள்ளிக்கூடம் திருவிழா. ஒன்றாம் வகுப்பில் எழுத்தொலிச் சோதனை ஒன்று வைக்கிறார்கள். 40 வார்த்தைகள் படிக்க வேண்டும், அதில் 20 அர்த்தமே இல்லாதவை, பக்கத்தில் ஒரு பூதம் படம் போட்டிருக்கும். "இது பூதத்தோட பேரும்மா" என்று அவள் நாள் முழுக்க அதையே கத்துகிறாள். அவளை நிறுத்தினால் எனக்குத்தான் பாவம் சேரும். மாறன் நாலாம் வகுப்பு. அவனுக்கு வருகிற ஜூனில் வாய்ப்பாட்டுச் சோதனை. கம்ப்யூட்டரில் 12-ஆம் வாய்ப்பாடு வரை 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. இவ்வளவு கம்மியான நேரமா என்று இங்கே பெற்றோர் புலம்புகிறார்கள். உங்களிடம் படித்த எனக்கு 6 விநாடி தாராளம். அதற்குள் பிரம்பு வந்துவிடும்.

அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் லீவு விட்டார்கள். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று கால அட்டவணை போட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். திங்கள் நன்றாகப் போனது. செவ்வாய் பரவாயில்லை. புதன்கிழமை பின்னத்தில் மாட்டிக்கொண்டான். அரையும் கால்வாசியும் சேர்ந்தால் ஆறில் இரண்டு என்று மூன்றாவது தடவை எழுதினான். நான் கத்திவிட்டேன். "எத்தனை தடவைடா சொல்வது, மண்டையில் என்ன இருக்கிறது?" முழுக்க முழுக்க உங்கள் குரல். அவன் எழுந்து நின்று, "மிஸ், டாய்லெட் போகட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டான். கிண்டல் இல்லை அப்பா. தன்னை அறியாமல் வந்துவிட்டது. நான் நோட்டை மூடிவிட்டேன்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாள் தன் படையோடு ஹாக்ஸ்பரி கால்வாய்க்குக் கிளம்பினாள், எங்களையும் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கால்வாய்கள் சந்திக்கிற இடம் அது. ஒன்றின் தண்ணீர் மட்டம் இன்னொன்றைவிடக் கொஞ்சம் உயரம், அதனால் நடுவில் கதவு போட்டு ஒரு தொட்டி மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு படகு வந்து உள்ளே நின்றது. பின்கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் அசைவது கண்ணுக்கே தெரியவில்லை. படகுக்காரர் முன்கதவின் நீளக் கட்டையில் முதுகைச் சாய்த்துத் தள்ளினார், கதவு அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி தள்ளினார், வெண்ணெய் மாதிரித் திறந்துகொண்டது. மாறன் தங்கையின் தலையைப் பிடித்துத் திருப்பி, "ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வந்தாத்தான் கதவு தொறக்கும். தாத்தா வயல் மடை மாதிரி. தாத்தா மண்ணை வெட்டி விடுவாருல்ல, அந்த மாதிரி" என்றான். தமிழில், சத்தமாக, அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் நடுவில். அந்தக் கடிகாரப் பையன் என்ன சொன்னாய் என்று கேட்க, இங்கிலீஷிலும் சொன்னான். வீடு வரும் வரை பேச்சு ஓயவில்லை. அவன் நம் வயலைப் பார்த்தது ஐந்து வயதில், பத்து நாள்.

நான் பின்னால் நடந்து வந்தேன். மூக்கு ஒழுகியது, குளிர்தான்.

அன்று ராத்திரியே பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை எழுதிவிட்டேன். நாலே வரி. சமையலறை இழுப்பறையில் இருக்கிறது. லீவு முடிந்து திங்கட்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த இழுப்பறைக்கு முன்னால் நின்றேன். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினால் மூன்று மணி வரை ஒரு குரல் கிடையாது. ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான். அவன் வீட்டில் இருந்தால் அவனுக்கு நல்லதா, இல்லை எனக்கு ஒரு பேச்சுத்துணையா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வந்த சந்தேகம் போகவில்லை. மாடு மேய்க்கப் போன பிள்ளைகளை நீங்கள் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வீடு வீடாகக் கூட்டி வந்தீர்கள். உங்கள் மகள் ஒரு பிள்ளையைத் தன் துணைக்காக நிறுத்திவிட்டாள் என்று ஆகிவிடக் கூடாது.

இவர் ஒன்றும் சொல்வதில்லை, "உனக்கு எது சரியோ செய்" என்கிறார். அதைவிட மோசமான பதில் உண்டா? வாரத்தில் இரண்டு நாள் வீட்டில், மூன்று நாள் பள்ளியில் என்றும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது தலைமை ஆசிரியரின் இஷ்டம். அடுத்த வாரம் போய்க் கேட்கப் போகிறேன். முடியாது என்றால் ஈஸ்டர் வரை பார்ப்பேன். உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள், கருப்பு மையில்.

தைக்கு எங்களை எதிர்பார்க்க வேண்டாம். பள்ளி நடக்கும்போது அனுமதியில்லாமல் ஐந்து நாள் லீவு எடுத்தால் அபராதம் வரும். ஒரு பிள்ளைக்கு அப்பாவுக்கு 80 பவுண்டு, அம்மாவுக்கு 80 பவுண்டு. இரண்டு பிள்ளைக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 6 விநாடி. வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, தை, ஆடி எதற்கும் வரலாம் என்று அம்மாவுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது.

அம்மாவின் கண் ஆபரேஷனை மார்கழிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். சொட்டு மருந்து விடும் பொறுப்பை மலரிடம் கொடுங்கள், உங்களிடம் வேண்டாம்.

நிலப் பத்திர விஷயம். தம்பி அனுப்பிய பவர் பத்திர நகலைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் என் கணவர் பெயருக்கு முன்னெழுத்துத் தப்பு, பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் மாற்றச் சொல்லுங்கள். பர்மிங்காமில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில்தான் கையெழுத்துச் சான்று வாங்க வேண்டும், ரயிலில் போய்விட்டு வந்துவிடுவேன். அங்கே வந்து சேர்ந்ததும் மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தம்பி பீரோவில் வைத்து மறந்துவிடப் போகிறான், நீங்கள் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

விற்பது என்று முடிவாகிவிட்டால் விற்றுவிடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. மடையை ஒட்டினாற்போல் இருக்கிற துண்டை மட்டும் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். என் பங்கு வேண்டாம் என்று போன வருஷம் சொல்லியிருந்தேன். இப்போதும் அதேதான். ஆனால் தம்பி கொடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், அவன் மனசு நோக வேண்டாம், வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இதோடு மாறன் எழுதிய காகிதம் ஒன்று வைத்திருக்கிறேன். மடை எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டிருக்கிறான். கீழே தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறான், வல்லின ற சரியாகத்தான் போட்டிருக்கிறான். கதவு பெரியதாகிவிட்டது, திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பா