ஏ.எஸ்.ஓ. 400

அன்பு மாப்பிள்ளை,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மொட்டை வந்திருந்தான், இன்னும் அதே பாட்டு, அதே சுருதி. மீதி நேரில். இந்தக் கடிதம் உன் லேப் பற்றியது, அங்கே நீ செய்கிற ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை பற்றியது, அதனால் உட்கார்ந்து படி.

போன வாரம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா கூட்டி வந்தாள். ஊர் மாறி வந்திருக்கிறார்கள், ஊசி போட ஒரு டாக்டர் வேண்டும். தொண்டைக் கிருமியால் வந்து இதயத்தைக் கெடுக்கிற ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமல் இருக்க, இரண்டு வருஷமாக இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை பென்சத்தின் பெனிசிலின். அந்த ஊசி உனக்கு ஞாபகம் இருக்கும்: கெட்டியான வெள்ளை மருந்து, பாதியில் அடைத்துக்கொள்ளும், போட்டதும் பிள்ளை நொண்டிக்கொண்டே போகும். ட்ரேயைப் பார்த்ததுமே அவள் அம்மாவின் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள். ஃபைலைப் பிரித்தேன். இதயத்தின் ஸ்கேனான எக்கோ நார்மல். மூட்டு வீக்கம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ராத்திரி கால் வலி, காலையில் ஓட்டம். வளர்கிற பிள்ளைகளுக்கு வருகிற வலிதான். ஆனால் ஒரு லேப் காகிதத்தில் ஏ.எஸ்.ஓ. 400, பக்கத்தில் நார்மலைத் தாண்டியது என்று ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்காகத்தான் இத்தனை ஊசியும்.

உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொண்டை வலி தருகிற ஸ்ட்ரெப் கிருமி விடுகிற ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நஞ்சுக்கு உடம்பு செய்கிற எதிர்ப்புதான் ஏ.எஸ்.ஓ. இதயத்தைத் தாக்குவது அது இல்லை. கிருமியின் எம் புரதமும் நம் இதயத் தசையின் மயோசினும் ஒரே சாயலில் இருப்பதால், கிருமிக்காக உண்டான வேறு சில ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) ஆள் மாறி இதயத்தின் மேல் பாய்கின்றன. ஏ.எஸ்.ஓ. வெறும் கால்தடம். திருடன் வந்து போனான் என்று சொல்லும், எதை எடுத்தான் என்று சொல்லாது.

நார்மல் எல்லையையே ஆரோக்கியமானவர்களில் 80 சதவீதம் பேர் அதற்குக் கீழே வரும்படிதானே வைக்கிறார்கள்? அப்படியானால் ஒன்றுமே இல்லாத ஐந்து பேரில் ஒருவருக்கு நட்சத்திரம் விழும். அதிலும் கிட்டில் அச்சடித்திருக்கிற 200 பெரியவர்களுக்கான கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு 300 வரை சர்வ சாதாரணம். லேட்டக்ஸ் ஸ்லைடில் நீங்கள் 200, 400, 800 என்று இரட்டிப்பாகத்தான் பார்க்கிறீர்கள், நடுவில் எதுவும் கிடையாது. 400 என்பது 200-க்கு அடுத்த படி, அவ்வளவுதான்.

இது ஒரு கொடுமை என்றால், மழைக்காலத்தில் பார்த்தது அதைவிடப் பெரிது. பதினோரு வயதுப் பெண். கையெழுத்து கெட்டுப்போனது என்று பள்ளியில் திட்டு, டம்ளரைக் கீழே போடுகிறாள் என்று வீட்டில் அடி. கணக்கு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். ஜூன் மாதப் பக்கங்களில் முத்து முத்தான எழுத்து. செப்டம்பரில் எண்கள் கோட்டைத் தாண்டி ஓடுகின்றன. என் விரல்களைப் பிடிக்கச் சொன்னால் பிடி இறுகுகிறது, தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. நம் புரொபசர் ராட்சசர் வார்டில் காட்டினாரே, பால் கறக்கிற பிடி, அதேதான். சிடன்ஹாம் கொரியா, ருமாட்டிக் காய்ச்சல் மூளையைத் தொட்டு கை கால்களைத் தானாக ஆட்டுவிக்கிற நோய். முன்பு பார்த்த டாக்டர் ஏ.எஸ்.ஓ. நார்மல் என்று டானிக் எழுதி அனுப்பியிருக்கிறார். தொண்டை வலிக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஏ.எஸ்.ஓ. உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடும். கொரியா சில மாதம் கழித்துக்கூட வரும். அதனால்தான் ருமாட்டிக் காய்ச்சலை உறுதி செய்கிற ஜோன்ஸ் விதிகளே கொரியாவுக்கு ஸ்ட்ரெப் சாட்சி கேட்பதில்லை. எக்கோ எடுத்தேன், மைட்ரல் வால்வு கசிகிறது. அந்த ஊசி இவளுக்குத்தான் வேண்டும், இனிப் பல வருஷத்துக்கு.

"ஒரு தொண்டை வலிக்கா சார் இவ்வளவும்?" என்று அவள் அப்பா கேட்டார். 1950 வாக்கிலேயே அமெரிக்காவில் வயோமிங்கின் வாரன் விமானப்படைத் தளத்தில் ராம்மெல்காம்ப் குழுவினர் சிப்பாய்களிடம் நிரூபித்துவிட்டார்கள்: ஸ்ட்ரெப் தொண்டை வலிக்குப் பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம், ஒன்பது நாள் வரைகூட அவகாசம் இருக்கிறது. அந்த மனிதரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, உன் மூட்டு வலி பேக்கேஜிலிருந்து ஏ.எஸ்.ஓ.வை எடுத்துவிடு. டாக்டர் கேட்டால் மட்டும் செய். பிள்ளைகளுக்குத் தனி எல்லை போடு, அடியில் "முன்பு வந்த தொற்றை மட்டுமே காட்டும்" என்று ஒரு வரி சேர். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தால் ஏறுகிறதா என்பது தெரியும், ஒற்றை எண்ணைவிட அது எவ்வளவோ மேல். வருமானம் குறையும், தெரியும். உன் பார்ட்னர் கத்துவார், அதுவும் தெரியும். நீ பேசினால் கேட்பார்.

இன்னொன்று. ஆன்டி டி.என்.ஏஸ் பி, அதே கிருமியின் வேறொரு பொருளுக்கான ஆன்டிபாடியைப் பார்க்கிற டெஸ்ட், உன்னால் செய்ய முடியுமா? இங்கே சிரங்கோடு வருகிற பிள்ளைகள் அதிகம். தோலின் கொழுப்பு ஸ்ட்ரெப்டோலைசின் நஞ்சை முடக்கிவிடுவதால் அவர்களுக்கு ஏ.எஸ்.ஓ. சரியாக ஏறுவதில்லை. கிட் என்ன விலை, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வை. சனிக்கிழமை ராத்திரி கூப்பிடுகிறேன்.

அந்த ஒன்பது வயதுக்காரிக்கு ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவள் அம்மா இன்னும் நம்பவில்லை, இதய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும் என்று அனுப்பியிருக்கிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்