தாத்தாவின் வால்வு ரேடியோ பேசுகிறது: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடும் தாத்தாவின் பழைய பிலிப்ஸ் ரேடியோ மறுபடி பேசுகிறது. திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ், தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கணீரென்று கேட்கிறது. யார் கொடுத்த பொருள் செட்டுக்குள் எங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறது என்று சொல்வதுதான் முறையான நன்றி என்று பட்டது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் ஐயா, பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கில் செருகிவிட வேண்டாம் என்று போனிலேயே அதட்டினீர்களே, செட் பிழைத்தது அதனால்தான். வருஷக்கணக்கில் கரண்டு பார்க்காத எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம், ஷார்ட் ஆனால், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயர் வால்வும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகும் என்றீர்கள். கரண்டு வரும் வழியில் 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு, அது பளீரென்று எரிகிறதா (எரிந்தால் உள்ளே ஷார்ட்), மங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து நீங்கள் அடுத்தடுத்த படிக்கு நகர்ந்த விதம் ஒரு பாடம். மெழுகு பூசிய அந்தச் சின்னப் பேப்பர் கண்டென்சரை முதலில் மாற்றியதன் காரணமும் இப்போது புரிகிறது. அது கசிந்தால், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிடில், அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையில், பாசிட்டிவ் ஏறும். வால்வு கட்டுமீறி கரண்டு இழுக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். எங்கள் செட்டில் எப்போதோ அதுதான் நடந்திருக்கிறது.

கருகியதைத் திரும்பச் சுற்றித் தந்த காயில் கடை அண்ணனுக்கு என்ன சொல்வது! பம்பு செட் மோட்டார்கள் வரிசையில் காத்திருக்க, தலைமுடி போன்ற கம்பியைப் பிரித்துச் சுற்று எண்ணி, நடுவில் அறுந்ததையும் பற்றவைத்து எண்ணிக்கை பிசகாமல் முடித்தீர்கள். கூலி கேட்டால் மட்டும் காது கேட்பதில்லை உங்களுக்கு.

பொழுதுபோக்காக வயர்லெஸ் பேசும் பெங்களூர் ஹாம் நண்பரே, பஞ்சில் சுற்றி நீங்கள் அனுப்பிய இ.சி.எல்.82 என்ற அவுட்புட் வால்வுதான் இன்று ஸ்பீக்கரை ஓட்டுகிறது. ஸ்டேஷன் சரியாக விழுந்ததை வெளிச்சத்தால் காட்டும் மேஜிக் ஐக்கு இ.எம்.80 வால்வு கிடைக்காதபோது ரஷ்ய 6இ1பி அதே சாக்கெட்டில் பொருந்தும் என்று சொல்லி, அதையும் பார்சலில் வைத்திருந்தீர்கள். ஸ்டேஷன் சரியாக விழும்போது பச்சை வெளிச்சம் கூடுவதைப் பார்ப்பதற்கென்றே என் மகள் குமிழைத் திருகிக்கொண்டிருக்கிறாள்.

தச்சர் அண்ணனின் அரக்குப் பாலிஷும், முன்பக்கத் துணியை நூல் பிசகாமல் இழுத்துத் தைத்த டெய்லர் அக்காவின் கைவேலையும் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகின்றன. டயல் கண்ணாடியின் எழுத்துகள் அழியாமல் இருக்கின்றன என்றால், உள்பக்கம் ஈரத்துணி படக்கூடாது என்று என் மனைவி காவல் இருந்ததுதான் காரணம்.

பக்கத்து வீட்டு மாமிக்குத் தனி நன்றி. உங்கள் எல்.இ.டி. பல்பு எரிந்தால் எங்கள் மீடியம் வேவில் கரகரப்பு. மாநிலச் செய்தி நேரத்தில் அதை அணைத்துவைக்கும் பெருந்தன்மை யாருக்கு வரும்? ஷார்ட் வேவ் பக்கம்தான் வருத்தம். தாத்தா இலங்கை வானொலி கேட்ட இடத்தில் இப்போது இரைச்சல்தான் வருகிறது. அதற்கு எந்த மெக்கானிக்கும் வைத்தியம் பார்க்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவசியம் வீட்டுக்கு வாருங்கள். பின் அட்டையைக் கழற்றி உங்கள் உங்கள் பொருளைக் காட்டுகிறேன். கை வைக்க மட்டும் விடமாட்டேன். உள்ளே 250 வோல்ட் டி.சி. ஓடுகிறது.

நன்றியுடன்,
ரேடியோக்காரரின் பேரன்,
தஞ்சாவூர்