டர்போ கார்களில் முரடு எது, நுட்பம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, பொருத்திய பழைய கார்களைச் சேகரிப்பாளர்கள் தேடுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஜெர்மனியின் போர்ஷே 911 டர்போவை நுட்பத்தின் உச்சம் என்றும் அமெரிக்காவின் ப்யூக் ஜிஎன்எக்ஸை வெறும் முரட்டுப் பலம் என்றும் ஒரே வரியில் பிரித்துவிட்டது. எஞ்சினைப் பொறுத்தவரை உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது.

930 என்ற குறியீட்டால் அறியப்படும் அந்த போர்ஷே 1974இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. போர்ஷேயின் 917 பந்தயக் கார்களில் கற்ற பாடம் அதில் இறங்கியிருந்தது என்பதில் ஐயமில்லை. 3.0 லிட்டர் எஞ்சினின் 260 குதிரைத்திறன், 1978 மாடலில் 3.3 லிட்டரும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வந்தபோது 300 ஆனது. ஆனால் 1989இல் உற்பத்தி நிற்கும்வரை அதற்குப் பெட்ரோலை அளந்து கொடுத்தது போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற இயந்திர முறைதான். கடைசி ஆண்டு தவிர கியரும் நான்குதான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சற்று நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு டர்போ மொத்தமாக விழித்துக்கொள்ளும். வளைவின் நடுவே இப்படி ஆகி, மிரண்டுபோன ஓட்டுநர் சட்டென்று காலை எடுத்தால், எஞ்சின் பாரம் பின்னச்சுக்கும் அப்பால் இருப்பதால் வண்டியின் வால் சுழன்று முன்னே வந்துவிடும். இதையே ரசித்துப் பேசுவோர் உண்டு. நுட்பம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஜிஎன்எக்ஸில் இருந்த ப்யூக்கின் 3.8 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சின், அந்நிறுவனம் 1960களில் கைசர் ஜீப்புக்கு விற்றுவிட்டு, எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1974இல் திரும்ப வாங்கிய எஞ்சினின் வழிவந்தது. 1978இல் கார்புரேட்டருடன் தொடங்கிய அதன் டர்போ வடிவத்துக்கு 1984இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய தருணத்தில் பெட்ரோல் செலுத்தும் மின்னணு முறையும், தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சுழல் கருவி இல்லாத இக்னிஷனும் வந்தன. 1986இல் இன்டர்கூலர் சேர்ந்தது. எஞ்சினில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பதால் எழும் தட்டல்) எழுந்தால் சென்சார் உணர்ந்து சொல்ல, கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். மெக்லாரன், ஏஎஸ்சி ஆகிய வெளி நிறுவனங்களின் துணையோடு 1987இல் மட்டும் 547 கார்களாக வந்த ஜிஎன்எக்ஸில் டர்போவின் சுழலியே செராமிக்கால் ஆனது. நிறுவனம் அறிவித்த திறன் 276 குதிரைத்திறன். அதே ஆண்டு ஏறத்தாழ இரு மடங்கு விலையில் அமெரிக்காவில் விற்ற 911 டர்போ வடிவத்துக்கு 282தான்.

வண்டியை நிறுத்துவதிலும் திருப்புவதிலும் போர்ஷேயின் அருகில் ப்யூக் வர முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். போர்ஷேயின் பிரேக் 917இன் வழிவந்தது. ஜிஎன்எக்ஸின் பின்சக்கரங்களிலோ சாதாரண டிரம் பிரேக்.

வாங்குவோருக்குக் கட்டுரை சொன்ன யோசனையிலும் ஒரு குறை இருக்கிறது. அது சொன்னதுபோல், டாஷ்போர்டில் வரிசை எண் பொறித்த தகட்டை மட்டும் பார்த்து ஜிஎன்எக்ஸை நம்பிவிடக் கூடாது. ஜிஎன்எக்ஸுக்கு அடிப்படையான ப்யூக்கின் சாதாரண கிராண்ட் நேஷனல் மாடலும் அதே கறுப்புதான், தகட்டை யாரும் ஒட்டலாம். காரை லிப்டில் ஏற்றி, பின் அச்சைப் பிடித்திருக்கும், ஜிஎன்எக்ஸுக்கே உரிய நீளமான முறுக்குக் கரமும் (டார்க் ஆர்ம்) பக்கவாட்டுத் தண்டும் (பேன்ஹார்ட் ராட்) இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே விலை பேச வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்