கேட் கன்னிங்காமுக்கு ராசியில்லாத ரசிகன் ஒருவன் எழுதும் கடிதம்

அன்புள்ள தம்பி கேட்,

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது, வந்தாலும் உனக்குத் தமிழ் தெரியாது. தெரிந்துதான் எழுதுகிறேன். தம்பி என்று கூப்பிடுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ பிறந்த 2001இல் நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைத் திட்டிக்கொண்டு இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன், அந்த உரிமைதான்.

இப்போது இருப்பது நோவையில். டெட்ராய்ட் பக்கம் இருக்கும் முக்கால்வாசித் தமிழர்களைப் போல எனக்கும் கார் சம்பந்தப்பட்ட வேலைதான். பிஸ்டன்ஸ் என்ற பெயருக்காகவே, நீ ஆடும் டெட்ராய்ட் கூடைப்பந்து டீமை, என்.பி.ஏ. லீகில், பார்க்க ஆரம்பித்தவன் நான். அப்புறம்தான் தெரிந்தது, இது டெட்ராய்ட் வைத்த பெயரே இல்லை, இண்டியானாவில் ஃபோர்ட் வெய்ன் என்ற ஊரில் நிஜமாகவே பிஸ்டன் செய்து விற்ற ஒரு முதலாளியின் டீம் இது, 1957இல்தான் இங்கே வந்தது என்று. சரி, பெயர் பொருந்திவிட்டது, அது போதும்.

சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2023-24 சீசனைப் பற்றி இப்போது எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். அந்தத் தோல்விகள்தான் உங்களைப் புடம் போட்டன, அந்த அடி விழாமல் இருந்திருந்தால் 2024-25 வெற்றிகள் வந்திருக்காது என்று. ஆபீஸில் ஒருவர் இதையே காபி மெஷின் பக்கத்தில் நின்று தத்துவமாகச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த சீசனை நேரில் போய்ப் பார்த்தவன் நான். ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. அதில் யாரும் எதையும் புடம் போட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆரம்பம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது, முதல் மூன்றில் இரண்டு வெற்றி. வீட்டில் "இந்த வருஷம் பாரு" என்று வாயை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் 28 வரை ஒன்றுகூட இல்லை. நவம்பர் மாதம் முழுக்க பூஜ்யம். பத்து தோற்றபோது கோபம் வந்தது, பதினைந்தில் சிரிப்பு வந்தது, இருபதுக்கு மேல் போனதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் "நேத்து மேட்ச் என்னாச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முக்கியமான ஆட்டக்காரர்கள் சிலர் இல்லாமல் வந்த யூட்டாவிடமும் தோற்று, கணக்கு 2-26, அதாவது 2 வெற்றி 26 தோல்வி, ஆன ராத்திரி, நீ மைக் முன்னால் உட்கார்ந்து, நாங்கள் 2-26 அளவுக்கு மோசமான டீம் இல்லை என்றாய். அதைக் கேட்டு இணையம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உனக்கு அப்போது 22 வயது. ஆறு வருஷத்துக்கு 78.5 மில்லியன் டாலர் பேசிக் கூட்டி வந்த கோச் இருந்தார், ஆட்களைப் பொறுக்கிய மேனேஜர் இருந்தார், 2011இலிருந்து டீமைக் கையில் வைத்திருக்கும் முதலாளி இருந்தார். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் பதில் சொல்ல ஆட்டக்காரர்களில் பெரும்பாலும் நீதான் வந்து உட்கார்ந்தாய்.

டிசம்பர் 26, புரூக்ளினோடு. அன்றைக்கு நானும் என் மகனும் மேல் அடுக்கில் இருந்தோம். தோற்றால் தொடர்ந்து 27, ஒரே சீசனில் அதுவரை யாரும் தொடாத சாதனை. முதல் பாதியில் நீ நாலே புள்ளி. இரண்டாம் பாதியில் 37. பந்தைத் தட்டிக்கொண்டு நீ உள்ளே நுழையும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்து நிற்பார், உட்காருவார், மறுபடி எழுந்து நிற்பார், கடைசி குவார்ட்டரில் அவர் உட்காரவே இல்லை. 41 புள்ளி நீ ஒருவன் போட்டும் 118-112 தோல்வி. ஆட்டம் கை நழுவியதும் "ஸெல் த டீம்", டீமை விற்றுவிடு, என்று முதலாளியைப் பார்த்துக் கூட்டம் கத்தியது. நானும் கத்தினேன். பையன் மட்டும் கத்தவில்லை. காருக்கு நடக்கும்போது சொன்னான்: "அப்பா, நாம வந்தா தோத்துடறாங்க. இனிமே வர வேண்டாம்."

இது என் தப்பு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது இரண்டு ஃபோர் போய்விட்டால் மேட்ச் முடியும் வரை நிமிரக் கூடாது, விக்கெட் விழுந்த நேரத்தில் உள்ளே வந்த மாமா மறுபடி கூடத்துப் பக்கமே வரக் கூடாது. அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், இப்போது என் மேலேயே திருப்பிவிட்டான்.

டிசம்பர் 28, பாஸ்டனில். பாதி ஆட்டத்தில் நீங்கள் 19 புள்ளி முன்னால். அதுவும் லீகிலேயே பலமான டீமிடம், அவர்கள் ஊரில். நான் டிவியை அணைத்துவிட்டேன், சத்தியமாக, நான் பார்க்காமல் இருந்தால் ஜெயித்துவிடுவார்கள் என்று. ஓவர்டைம் வரை இழுத்துத் தோற்றீர்கள். அது 28. இரண்டு சீசன்களில் சேர்த்து ஃபிலடெல்ஃபியா டீம் தொடர்ந்து தோற்று வைத்திருந்த கணக்கு வரைக்கும் போயாயிற்று.

டிசம்பர் 30 டொராண்டோ ஆட்டத்துக்கும் என்னிடம் இரண்டு டிக்கெட் இருந்தது. பையன் சொன்னதை மனசில் வைத்து எதிர் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன், பணம்கூட வாங்கவில்லை. அவருக்கு கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. 129-127. ஜெயித்துவிட்டீர்கள். நீ 30 புள்ளி, கூட ஆடுபவர்கள் புள்ளி போடப் பந்து கொடுத்த அசிஸ்ட் 12. ராத்திரி அவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார், ஏதோ கோப்பையையே வாங்கிவிட்ட மாதிரி கூட்டம் குதிக்கிறது, இவரும் நடுவில் குதிக்கிறார். கீழே ஒரு வரி: "செம ஜாலியா இருக்கு சார், எப்பவும் இப்படித்தானா?"

இப்போது புடம் போட்ட கதைக்கு வருகிறேன். அந்த சீசனில் நீ பந்தோடு உள்ளே போகும்போது என்ன நடந்தது என்று மேல் அடுக்கிலிருந்து நன்றாகத் தெரியும், கீழே பணக்கார சீட்டில் இருப்பவர்களுக்குக்கூட அவ்வளவு தெரியாது. மூலையில் நிற்பவருக்கு தூரத்திலிருந்து போட வராது. ஆசார் தாம்சன் அருமையான பையன், தடுப்பாட்டத்தில் புலி, ஆனால் அந்த வருஷம் அவர் நூறு த்ரீ, அதாவது தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறிவது, எறிந்தால் இருபதுகூட விழாது. அதனால் அவரைக் காக்க வேண்டிய ஆள் அவரை அம்போ என்று விட்டுவிட்டு நேராக உன் பாதையில் வந்து நிற்பான். இன்னொரு பக்கமும் அதே கதை. ஒரு சின்ன சமையலறையில் எட்டுப் பேர் நின்றுகொண்டு, நீ மட்டும் தோசை வார்க்க வேண்டும் என்றால் எப்படி? அப்படியும் வார்த்தாய்.

தோற்றால் அடுத்த டிராஃப்டில், அதாவது டீம்கள் வரிசையாகப் புது ஆட்களை எடுக்கும் நாளில், நல்ல ஆள் கிடைப்பான் என்று ஆறுதல் சொன்னார்களே, அதுவும் பொய்யானது. 2023இல் லீகிலேயே கடைசி, அந்த டிராஃப்டின் பெரிய ஆள் வெம்பன்யாமா வரப்போகிறான் என்று ஊரே காத்திருந்தது, குலுக்கலில் முதல் இடம் கிடைக்க 14 சதவீத வாய்ப்பு, கிடைத்தது ஐந்தாவது. 2024இல் 14-68, டீமின் சரித்திரத்திலேயே மோசமான கணக்கு, மறுபடி கடைசி, மறுபடி ஐந்தாவது. கடைசி டீமை ஐந்துக்குக் கீழே தள்ள அன்றைய விதியில் இடமில்லை, இருந்திருந்தால் தள்ளியிருப்பார்கள்.

அப்புறம் என்ன மாறியது? கோச் போனார், மேனேஜர் போனார். ஆட்களைப் பொறுக்க லாங்டன் வந்தார், கோச்சாக பிக்கர்ஸ்டாஃப் வந்தார். டோபையஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி என்று தூரத்திலிருந்து போடத் தெரிந்தவர்களை உன்னைச் சுற்றி நிறுத்தினார்கள். பீஸ்லி மட்டும் அந்த சீசனில் 319 த்ரீ. 14 வெற்றி 44 ஆனது. சமையலறையைக் காலி செய்துகொடுத்தார்கள், அவ்வளவுதான். இதை 2021இல் நீ வந்த வருஷத்திலிருந்தே செய்திருக்கலாம். 28 தோல்வி எதற்கு?

2025 ஏப்ரலில் சீசன் முடிந்து நடக்கும் நாக்அவுட் தொடரில், நியூயார்க்கில் இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்தீர்களே, 2008க்குப் பிறகு பிஸ்டன்ஸுக்கு முதல் பிளேஆஃப் வெற்றி, நீ 33 போட்டாய், அதை நான் பார்க்கவில்லை. மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றேதான். பையன் கீழேயிருந்து போட்ட கத்தலில் மனைவி பயந்துபோய் ஓடினாள். நியூயார்க்கில் இன்னொன்றும் ஜெயித்தீர்கள். உள்ளூரில் மட்டும் மூன்றும் தோல்வி, மூன்றையும் சேர்த்து ஆறே புள்ளி வித்தியாசம். மூன்று புள்ளியில் போனது ஆறாவது ஆட்டம். நியூயார்க்கின் பிரன்சன் கடைசி ஐந்து வினாடிக்குள் ஒரு த்ரீ போட்டான், சமன் செய்ய உங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது, பந்து பீஸ்லி கையில் நிற்காமல் வெளியே போனது, சீசன் முடிந்தது.

அன்றைக்கு நான் அரங்கில் இருந்தேன். பிளேஆஃப் ஆயிற்றே, ஆசை விடவில்லை, பையனுக்குத் தெரியாமல் ஆபீஸிலிருந்து அப்படியே வந்துவிட்டேன். அவனுக்கு இன்னும் தெரியாது.

அக்டோபரில் வரும் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்துவைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள் தம்பி.

இப்படிக்கு,
மேல் அடுக்கில், தூணுக்குப் பக்கத்து சீட்டில் இருக்கும் அண்ணன்