மேல் மாடிக்குச் சுடுதண்ணீர்

நுவரெலியா
26.01.2025

அன்பின் மச்சான்,

நீ பஸ்சில் போட்டுவிட்ட பொங்கல் அரிசி 12ஆம் திகதியே கைக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரி உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். உடனே எழுத முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. இந்த முறை பொங்கல் எங்களுக்குப் பொங்கலாக இருக்கவில்லை.

மேல் மாடியை வாடகைக்கு விட்டதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா. மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைகள், கணவனும் மனைவியும். அவர் வங்கியில் வேலை, அவ டீச்சர். எட்டு மாதக் கைக்குழந்தை, கூடவே அவருடைய அம்மா. 12ஆம் திகதி இரவு கீசரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி விழுகிறது. மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, அதற்கடுத்த நாள் பொங்கல். கடை திறக்காது, வயரிங் வேலை செய்கிற பாஸும் ஊருக்குப் போய்விட்டார். "15ஆம் திகதி பார்ப்போம் தம்பி, அதுவரைக்கும் அடுப்பில் காய்ச்சிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து படுத்துவிட்டேன்.

பொங்கலன்று காலையில் கிண்ணத்தில் பொங்கலை எடுத்துக்கொண்டு மேலே போனேன். தட்டினேன், சத்தமில்லை. இன்னும் பலமாகத் தட்டிய பிறகு தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். கண் சொருகியிருந்தது. அம்மா கட்டிலோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தா. அறை நடுவில் ஒரு பழைய தாச்சி, அதில் சாம்பல் பூத்த சிரட்டைக்கரி. ஜன்னல் இடுக்குகளில் பேப்பரைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். குழந்தைக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குளிருமே என்று அந்த அம்மா இரவு கரி மூட்டியிருக்கிறா. கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவே இல்லை. ஜன்னலைத் திறந்தேன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். மறுநாள் நால்வரும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். கரி அரைகுறையாக எரியும்போது வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார் என்று டொக்டர் சொன்னார். இதை நானே 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன், மச்சான்.

நாம் வளர்ந்த தோட்டத்து லயத்தில், ஒற்றைக் காம்பரா அறைக்குள்ளேயே அடுப்பு எரியும், நாமும் அதன் பக்கத்திலேயே படுப்போம், ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பாய். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி இருந்தது. அந்த ஓட்டைதான் நம்மைக் காப்பாற்றியது. சீமெந்து பூசி, கண்ணாடி ஜன்னல் போட்டு, இடுக்கையும் அடைத்த அறை வேறு.

அந்தத் தகரத்தை நினைத்தால் அப்பா ஞாபகம் வருகிறார். ஒழுகுகிறது என்று சொல்ல எத்தனை முறை தோட்ட ஒபிஸ் வாசலில் நின்றிருப்பார்! "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பார் கிளாக்கர். 77இல் நீங்கள் லொறியில் வவுனியாவுக்கு ஏறியபோதும் எங்கள் தகரம் மாறவில்லை. அதே 'பார்ப்போம்' என் வாயிலிருந்து வந்திருக்கிறது. பத்து நாளாகியும் எனக்கு இது ஆறவில்லை.

சரி, செலவுக் கணக்கைச் சொல்கிறேன். நீயும் இரண்டு அறை கட்டி விடப்போகிறாய், உனக்கு உதவும்.

பாஸ் பழைய கீசரைக் கழற்றிக் காட்டினார். தாங்கியின் அடி இற்றுப்போய், துரு தேயிலை டஸ்ட் போலக் கொட்டியது. உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும், தாங்கி துருப்பிடிக்காமல் தான் கரைந்து கொடுப்பது அதன் வேலை. எங்களுடையது சப்பித் துப்பிய முருங்கைக்காய் மாதிரி இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்துக் கம்பியை மாற்றியிருந்தால் தாங்கி இன்னும் உழைத்திருக்கும். வீட்டை வாங்கும்போது பத்திரத்தைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

"சேர், தாங்கி வேண்டாம், உடனே சூடாக்குகிற சின்ன ஹீட்டரைப் போடுவோம், பாதிக் காசு" என்றார் பாஸ். எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். அது 3,500 வொட். கொழும்பில் குழாய்த் தண்ணீர் 27 பாகையில் வருகிறது என்று வை, அதை 40க்கு ஏற்றினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லீற்றர் கிடைக்கும். இங்கே காலையில் 15 பாகை. அதே ஹீட்டர் 2 லீற்றர்தான் தரும். நூல் மாதிரி ஒழுகும். குழந்தையை அதில் குளிப்பாட்ட முடியாது. சூரிய வெப்ப ஹீட்டரும் விசாரித்தேன். ஜூன், ஜூலையில் நாள் முழுக்க மூட்டம், போதாததற்குப் பின்பக்கத்து மலை மாலை வெயிலை மறைக்கிறது. கடைசியில் 50 லீற்றர் தாங்கியே போட்டேன். அந்த 50 லீற்றரை 15இலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 2.6 யூனிட் மின்சாரம் போகும்.

தாங்கி, குழாய், புது வயர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய். பென்ஷன்காரனுக்கு இது சின்னக் காசு இல்லை. வாடகை 32,000, அதில் பாதிக்கு மேல் வீட்டுக் கடனுக்கே போகிறது. மைத்துனர் வந்து, "உடனே 5,000 கூட்டுங்கள், இல்லையென்றால் அவர்களை எழுப்பிவிட்டு ஏப்ரல் சீசனுக்கு நாள் வாடகைக்கு விடுங்கள்" என்றார். ஏப்ரலில் இங்கே அறைக்கு என்ன விலை கேட்டாலும் கொடுப்பார்கள், அது உண்மைதான். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கீசர் எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள். 96 மாதம், மாதத்துக்கு 1,229 ரூபாய். அந்தக் கணக்கைத் தாளில் எழுதி அந்தப் பிள்ளைகளிடமே காட்டினேன். ஜூலையில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது 1,500 கூட்டுவேன், அதுவரை பழைய வாடகைதான் என்றேன். தம்பி, "சேர், நாங்களும் கொஞ்சம் தருகிறோம்" என்று காசை நீட்டினார். வாங்கவில்லை. சுவரில் பூட்டியது என்னுடையது. நாளைக்கு அவர்கள் போனாலும் அது இங்கேதான் இருக்கும்.

இனி வாடகை வந்ததும், இப்படியான திருத்த வேலைக்கென்று 3,000 ரூபாய் தனி வங்கிப் புத்தகத்தில் போட்டுவிடுவேன். பெண்கள் சீட்டுக்கு எடுத்து வைக்கிற மாதிரி, மற்றச் செலவு எதற்கும் தொடக்கூடாத காசு.

லைட் பில் விஷயத்திலும் பாடம் படித்தேன். மேலும் கீழும் ஒரே மீற்றரில் இருந்தோம். யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது அல்லவா, இரண்டு குடும்பத்து யூனிட்டும் ஒன்றாய்ச் சேர்ந்து இரண்டு பேரையுமே மேல்தட்டுக்குத் தள்ளிவிட்டது. 2022 ஓகஸ்ட்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏற்றியது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இந்த மாதம் 20 வீதம் குறைத்திருக்கிறார்கள், இருந்தாலும் மேலே தனி மீற்றருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ கட்டும்போதே வயரிங்கைப் பிரித்துவிடு, பிறகு சுவரை உடைக்க வேண்டிவரும்.

ஒப்பந்தத்தையும் வெறும் தாளில் எழுதி வைக்காதே. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டுச் சட்டம், இன்னும் அதுதான். எது பழுதானால் யார் செலவு, எத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும் என்று அதிலேயே போடு. உனக்குக் கீசர் இல்லை, ஆனால் கிணற்று மோட்டார் இருக்கிறது. ஓகஸ்ட் வெயிலில் அது எரிந்தால் உன் வீட்டிலும் ஒரு குழந்தை தண்ணீர் இல்லாமல் இருக்கும்.

இப்போது காலை ஆறு மணிக்கு மேலே குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது. பிறகு குழந்தை சிரிக்கிறது. வீட்டுக்காரி தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "சூடாத்தான் வருது போல" என்கிறாள்.

மார்ச்சில் வா. சீசன் கூட்டம் தொடங்குமுன் நாம் இருவரும் தோட்டப் பக்கம் போய், உங்கள் லயம் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம். கம்பளிச் சட்டையை மறக்காமல் எடுத்து வா.

உன் கூட்டாளி